விதைப்பூண்டு

மலைப்பாதை வளைவில் போலீஸ் ஜீப்பின் ஹாரன் அலறுகிறது. அடுப்படியிலிருந்து வேலுத்தாய் பதறி ஓடி வருகிறாள். கொடைக்கானல் காட்டேஜில் கேமரா களவுபோனதென்று, அங்கே தோட்ட வேலை பார்க்கும் அவள் புருஷன் திருமலைச்சாமியை நேற்று இழுத்துப்போன போலீஸ்காரர்கள், இன்று வாசலில் இறக்கிவிடுகிறார்கள். செருப்பு இரண்டும் அவன் கையில் இருக்கின்றன; செருப்புக்குள் நுழையாத அளவுக்குப் பாதங்கள் வீங்கியிருக்கின்றன. "உசுரோட வந்துட்டீங்களே, அது போதும்" என்று அவனைச் சுவரில் சாய்த்து உட்காரவைத்தவள், அடுப்புக்கு மேலே புகையில் தொங்கும் விதைப்பூண்டுக் கட்டிலிருந்து ஒரு கைப்பிடி பிய்க்கிறாள். அடுத்த நடவுக்கென்று வைக்கும் அந்தக் கட்டின்மீது, அரிசி இல்லாத நாளில்கூட அந்த வீட்டில் யாரும் கைவைத்ததில்லை. எண்ணெயில் பூண்டு பொரிகிற வாசம் வீடெல்லாம் பரவுகிறது. அவள் தம்பி கோகுல்ராஜ் மண்டியிட்டு, மச்சானின் உள்ளங்கால்களில் அந்த வெதுவெதுப்பான எண்ணெயைப் பூப்போலத் தடவுகிறான். "நீங்க எடுக்கலைன்னு அவனுகளுக்கே தெரிஞ்சுபோச்சு மச்சான். இல்லாட்டி ஜீப்புல வச்சுக் கொண்டாந்து விடுவானுகளா?" என்று சிரிக்கிறான். திருமலைச்சாமி சிரிக்கவில்லை. வெளியே பனிமூட்டத்துக்குள் ஜீப் இன்னும் உறுமிக்கொண்டுதான் நிற்கிறது. பூட்ஸ் சத்தம் வாசலை நெருங்குகிறது. அவன் காலை வெடுக்கென்று இழுத்துக்கொள்கிறான்.

"தொடாத மாப்ளே... அடி தாங்க முடியாம ஒம்பேரச் சொல்லிப்புட்டேன்."