முகம் சுளிக்கும் வேலை

காணொளிகளை வடிகட்டும் இயந்திரத்துக்கு எல்லாம் தெரியும், அருவருப்பைத் தவிர. அதனால் சிறுசேரி அலுவலகத்தில் என் மூஞ்சியைச் சம்பளத்துக்கு எடுத்தார்கள். நான் முகம் சுளித்தால் காணொளி நீக்கப்படும். சுளிக்காவிட்டால் ஊரே பார்க்கும்.

நான்காம் வருடம் மேலாளர் கூப்பிட்டார்.

“நாய்க்குட்டிய உயிரோட கொளுத்துற வீடியோ வெளிய போயிடுச்சு செலின். ரெண்டு கோடி பேர் பாத்துட்டாங்க. போட்டவன் கைக்குப் பணமும் போய்ச் சேந்துடுச்சு. அது ஓடுறப்ப நீங்க சாப்பிட்டுட்டு இருந்தீங்க, மூஞ்சில ஒரு சுளிப்பு இல்ல. நாளைலேருந்து வராதீங்க.”

அவர் அறையைவிட்டு வெளியே வந்தேன். நேர்முகத் தேர்வு அறையில் ஒரு புதுப் பெண் திரையைப் பார்த்துக் குப்பைத்தொட்டியில் வாந்தியெடுத்தாள். “சூப்பர்! இந்தப் பொண்ணையே எடுத்துக்கலாம்” என்று கைதட்டினார்கள்.

நாற்றம் வாசல்வரை வந்தது. அங்கேயே உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தேன். எலுமிச்சைச் சாதம் ருசியாகத்தான் இருந்தது.