சாக்கில் பாதி

சடையன் என்ற நாயும் மிளகி என்ற பூனையும் ஒரே கோணிச் சாக்கில்தான் படுப்பார்கள். படுத்ததும் சடையனின் கழுத்தை நக்கிவிடாவிட்டால் மிளகிக்குத் தூக்கம் வராது.

ஒருநாள் வீட்டுக்காரர் சடையன் கழுத்தில் தெள்ளுப்பூச்சி மருந்தைத் தடவினார். அரிப்பு நின்றதில் அவனுக்கு ஒரே சந்தோஷம்.

"வா மிளகி, நீயும் என் கழுத்துல தேய்ச்சுக்கோ. உன் அரிப்பும் போயிடும்."

அவள் நாக்கை நீட்டினாள். ஜன்னலில் இருந்த மருந்துப் புட்டி பதறியது. "நான் நாய்க்கு மட்டும்தான். பூனை நக்கினா வலிப்பு வந்துடும்."

"எங்க ரெண்டு பேரையும் கடிக்கிறது ஒரே பூச்சிதானே?" என்று மிளகி இன்னும் நெருங்கினாள்.

சடையன் முதல்முறையாக அவளைப் பார்த்து உறுமினான்.

மிளகி மதில்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். "மருந்து போட்டதும் ஐயா பெரிய ஆளாயிட்டார்."

பனி இறங்கியதும் குளிர் தாங்காமல் கீழே வந்து சாக்கை மோந்து பார்த்தாள். மருந்து வாடையே இல்லை. சடையன் வாசலில் வெறும் சிமெண்டுத் தரையில் சுருண்டு கிடந்தான்.

சாக்கு முழுக்கக் காலியாக இருந்தும், மிளகி தன் பாதியில் மட்டும் படுத்தாள்.