அத்தை தள்ளிய கார்

கார் அசைய மாட்டேனென்கிறது. வெளிநாட்டில் குடியேறப் போகிறவன், சொந்தபந்தங்களிடம் சொல்லிக்கொள்ள ஊர் ஊராகச் சுற்றும் பயணத்தில் இது ஏழாவது வீடு. விடியுமுன் வந்து இறங்கியவன் முன்விளக்கை அணைக்க மறந்திருக்கிறான். அத்தை உள்ளே அரைமணி, வாசலில் ஒன்றரை மணி என்று விடைகொடுத்து முடிப்பதற்குள் பேட்டரி உயிரை விட்டுவிட்டது. சற்றுமுன் வரை கதவைப் பிடித்துக்கொண்டு "போகாதேடா" என்று அழுதவள், இப்போது முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்னால் நின்று தள்ளுகிறாள். பக்கத்தில் மாமா தள்ளுவதுபோல் சாய்ந்திருக்கிறார். "கைய வெச்சா மட்டும் போதுமா? தள்ளுங்க!" என்று அவரை அதட்டுகிறாள் அத்தை. வெயில் படும் பின்கண்ணாடியில் அத்தையின் பத்து விரலும் வியர்வையாய்ப் பதிகின்றன. தெருச் சரிவில் அவன் கிளட்சை விடுகிறான். கார் இருமுகிறது, உதறுகிறது, உறுமுகிறது. கடைசியாக ஒருமுறை இறங்கிக் கட்டிக்கொள்ளலாமென்று அவன் கால் பிரேக்கைத் தேடுகிறது. பக்கக் கண்ணாடிக்குள் ஒற்றைச் செருப்போடு ஓடிவரும் அத்தை, இரண்டு கையையும் வீசிக் கத்துகிறாள்: "நிறுத்தாதேடா! இன்னொரு தடவ என்னால தள்ள முடியாது!"