பரஞ்சோதி மீட்புப் படை

"யாரும் காடிய விட்டு எறங்காதீங்க! எறங்குனா மூச்சு நின்னுரும். அப்புறம் என்னைக் கேக்கக்கூடாது!"

சத்தியசீலன் காதொலிக் கருவிக்குள் கத்தினார். அவர் உட்கார்ந்திருந்தது பாடாங் செராயில், தன் வீட்டுக் கூடத்தில். காடி என்று அவர் சொன்ன வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தது கணினிக்குள், காற்றே இல்லாத ஒரு கிரகத்தில். பின்னால் வரிசையாகப் பத்து வண்டிகள் வந்தன. ஓட்டியவர்கள் கூலிமிலும் சுங்கைப்பட்டாணியிலும் பாடாங் மேஹாவிலும் அவரவர் வீட்டில் இருந்தார்கள்.

விண்வெளி விளையாட்டுதான். ஆனால் விளையாட்டு என்று அவர் காதுபட யாரும் சொல்லிவிட முடியாது. தலைவர், துணைத்தலைவர், செயலாளர் எல்லாம் போட்டாயிற்று. 'பரஞ்சோதி மீட்புப் படை' என்று டீ சட்டை அடித்தாயிற்று. புறப்பட்ட அன்று அவர் மனைவி ரமணி, சுழல் நாற்காலியின் ஐந்து சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கச் சொன்னாள். பக்தியோடு நசுக்கினார்.

பரஞ்சோதி பாலிங் ஊர்க்காரன். கிரகத்தின் மறுபக்கத்தில், விண்கலம் இறங்க முடியாத ஒரு பள்ளத்தாக்கில், எண்ணெய் தீர்ந்து மாட்டிக்கொண்டான். ஒரு பொத்தானை அழுத்தினால் வெளியே வந்துவிடலாம். ஆனால் எட்டு மாதம் சேர்த்த கல், கனிமம் எல்லாம் போய்விடும். "அழுத்தாதடா, நான் வரேன்" என்று சத்தியசீலன் வாக்குக் கொடுத்துவிட்டார். அவர்கள் தளத்திலிருந்து ஐயாயிரம் கிலோமீட்டர். சனி, ஞாயிறில் மட்டும் ஓட்டி, இது மூன்றாவது சனிக்கிழமை.

வாக்குக்குப் பின்னால் ஒரு வலி இருந்தது. போன வருஷம் அவர் ஏற்பாடு செய்த பஸ் பயணத்தில், தாப்பா நெடுஞ்சாலை ஓய்விடத்தில் கழிப்பறைக்குப் போன ஒருவனை மறந்து விட்டுவிட்டு வந்தார். ஊர் வந்து இறங்கிய பிறகுதான் ஒரு தலை குறைவது தெரிந்தது. அந்தத் தலை இதே பரஞ்சோதிதான். அவன் சிரித்துக்கொண்டே மன்னித்துவிட்டான். ஊர்தான் மன்னிக்கவில்லை. அதற்குப் பிறகு அவரை நம்பி யாரும் பஸ் ஏறியதில்லை. இந்தத் தடவையாவது அவனைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டால் தலைநிமிர்ந்து நடக்கலாம் என்று ஏங்கினார்.

"பரஞ்சோதி, நல்ல சேதிடா! நாளைக்குன்னு சொன்னேன்ல? இன்னிக்கே வந்துருவோம். இன்னும் நூத்தி இருவது கிலோமீட்டர்தான்."

மறுமுனையில் பரஞ்சோதி பதறினான்.

"இன்னிக்கேவா? அலாமா! எதுக்குண்ணே அவசரம்? மெதுவா வாங்கலா."

"என்னடா அங்க ஒரே சத்தம்? காடி ஓடுற மாதிரி இருக்கு."

"மழைண்ணே! பாலிங்ல பேய் மழை. நம்ம வீடு தகரக் கூரைல்ல?"

"சரி, நீ எங்க நிக்கறன்னு வரைபடத்துல காட்ட மாட்டேங்குதே?"

"பேட்டரி மிச்சம் புடிக்க அடைச்சு வெச்சிருக்கேன். அத விடுங்கண்ணே, எல்லாரும் பசியாறிட்டீங்களா? வெறும் வயித்தோட காடி ஓட்டக்கூடாது."

மாட்டிக்கொண்டு கிடக்கிறவன் தங்கள் பசியை நினைக்கிறானே! சத்தியசீலன் உடனே வண்டிகளை நிறுத்தச் சொன்னார். பதினொரு வீட்டில் பதினொரு பேர் நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தார்கள்.

"ஏங்க, வீட்டுச் சோத்த வீட்டுக்குள்ளயே பொட்டலம் கட்டித் திங்கிற ஆள இப்பத்தான் பாக்குறேன்" என்றாள் ரமணி.

"பயணம்னா பொட்டலந்தான். உனக்குத் தெரியாது, சும்மா இரு."

கை கழுவிவிட்டுக் கிளம்பப் போனபோது மறுபடியும் பரஞ்சோதி கூப்பிட்டான். "அண்ணே, தலைய எண்ணிட்டீங்களா? யாரையும் விட்டுட்டு வந்துறாதீங்க."

சுருக்கென்று குத்தியது. மூன்று தடவை எண்ணினார். பதினொன்று. "டயர்ல காத்துப் பாத்தீங்களா?" என்றும் கேட்டான். காற்றே இல்லாத கிரகத்தில் பதினொரு வண்டியின் நாற்பத்து நான்கு சக்கரத்தையும் பார்த்தார்கள். அதில் ஒரு மணி நேரம் போனது.

மாலை ஐந்து மணிக்குப் பள்ளத்தாக்கு வந்தது. அடியில், ஒரு செம்பாறை ஓரமாகப் பரஞ்சோதியின் வண்டி தன்னந்தனியாக நின்றது. அவன் வண்டிக்குள்ளிருந்தே கையை ஆட்டினான்.

"வந்துட்டோம்டா!" என்ற சத்தியசீலன் வாய்விட்டு அழுதுவிட்டார். இதுவரை கிண்டல் பண்ணிய ரமணியும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பத்துப் பேரும் காது கிழியக் கூச்சல் போட்டார்கள்.

கடைசி வண்டியில் எண்ணெய் கொண்டுவந்த பாடாங் மேஹா ரூபினி, வண்டியிலிருந்தே குழாயை நீட்டி மாட்டினாள்.

"அண்ணே, இவரு டேங்கியில பாதிக்கு மேல எண்ணெய் இருக்கே?"

கூச்சல் அடங்கியது.

"பரஞ்சோதி, என்னடா இது?" என்றார் சத்தியசீலன்.

"திட்டாதீங்கண்ணே. போன வாரமே யாரோ ஒரு ஜப்பான்காரன் இந்தப் பக்கமா வந்து எண்ணெய் ஊத்திட்டான். நான் நம்ம தளத்துக்கே திரும்பி வந்துட்டேன். வந்து பாத்தா, நீங்க எனக்காகப் பாதி தூரம் போயிட்டீங்க. எப்படிண்ணே உங்ககிட்ட சொல்லுவேன்? அதான் வேலைக்கு நாலு நாள் லீவு போட்டுட்டு, உங்களுக்குத் தெரியாம வடக்கால சுத்தி ஓட்டியாந்து, இப்பத்தான் அஞ்சு நிமிசத்துக்கு முன்னால வந்து மாட்டிக்கிட்டேன்."