வெங்காய வைத்தியம்

“ஏத்தா பூங்கோதை, உன் கஞ்சிய இங்கிட்டுக் குடு. வெங்காயத்தையும் சேத்துக் குடு.”

மிளகாய்க் காட்டில் பத்து மணிக் கஞ்சி நேரம். கேட்டவர் நிலத்துக்காரர் மாரிச்செல்வம். காரில் வந்து இறங்கியவர்.

பூங்கோதைக்கு ஆறாம் மாதம். தூக்குவாளியை நீட்டினாள்.

பக்கத்தில் இருந்த ராக்குவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“புள்ளத்தாச்சி கஞ்சிதான் கெடச்சுதா மொதலாளி? ஒங்க வீட்டுல இல்லாத வெங்காயமா?”

“சுகரு ஆத்தா. தெனம் ஒரு செவப்பு வெங்காயம் பச்சையாத் தின்னா சுகரு எறங்கும், கொழுப்பு கரையும், ரத்தம் சுத்தமாகும்.”

“நான் அம்பது வருசமாத் திங்கிறேன். இந்த மூட்டுவலி எந்திரிச்சுப் போகலையே!”

மிளகாய்ப் பழம் பறிக்கிற பெண்கள் சிரித்தார்கள். அவர் கண்டுகொள்ளவில்லை. தன் கேரியரைப் பூங்கோதை பக்கம் தள்ளினார். கறி, முட்டை, கீரை.

“ஒன் கஞ்சிக்கு இது சரியாப் போச்சு. மிச்சம் வைக்காத. வீட்டுக்குத் திரும்பிப் போனா எம் பொண்டாட்டி என்னைய உரிச்சுருவா.”

ஒரு மாதமாகத் தினமும் இதே கூத்து.

‘தனக்கு ஆகாதத அவ தலையில கட்டுறாரு’ என்று ராக்கு பொருமினாள். அவளுக்குப் பூங்கோதையின் உடம்பை நினைத்துத்தான் கவலை. பூங்கோதைக்கு ரத்தம் எட்டுதான் இருக்கிறது, இப்படியே போனால் பிரசவத்தில் உயிருக்கே ஆபத்து என்று போன மாதம் நர்ஸ் சொல்லியிருந்தார். அன்றைக்கே ராக்கு முட்டை அவித்துக் கொண்டுவந்து நீட்டினாள்.

“ஓசியில எதுவும் வேணாங்க்கா” என்றுவிட்டாள் ரோசக்காரி.

வியாழக்கிழமை முதலாளி வெறுங்கையோடு வந்தார். பின்னாலேயே கேரியரோடு ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள் அவர் மனைவி முருகலட்சுமி.

செத்தாரு இன்னைக்கு! தண்ணீர் குடிக்கிற சாக்கில் ராக்கு அவர்கள் நின்ற பம்புசெட்டுப் பக்கம் போனாள்.

முருகலட்சுமி கணவரிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

“ரத்தம் ஊறுற ஆட்டுச் சுவரொட்டி கறிக்கடையில கெடைக்க லேட்டாயிருச்சுங்க. அந்தப் புள்ளைக்கு ரத்தம் பத்து ஆயிருச்சாமே? பிரசவம் முடியிற வரைக்கும் இல்லாத சுகர விட்டுராதீக. தெரிஞ்சா கையால தொட மாட்டா.”

ராக்கு தண்ணீர் குடிக்காமலே திரும்பினாள்.

“என்னக்கா, புருசன் பொண்டாட்டிக்குள்ள சண்டையா?” என்றாள் பூங்கோதை.

“பெரிய சண்டை. சுகரு கூடிப்போச்சாம். நாளையில இருந்து ரெண்டு வெங்காயமாக் கொண்டு வாடி.”