அதுக்கென்னுங்க

அரங்கம் சிரித்தது. அவனும் சிரித்தான்.

சிரிக்காமல் எப்படி? திரையின் அடியில் ஓடிய தமிழ் மொழிபெயர்ப்பு அவனுடையது.

கோயமுத்தூரில், ஒரு நூலகத்து மாடியில், ஞாயிற்றுக்கிழமைத் திரையிடல். ஏதோ பனி தேசத்துப் படம். ஓர் ஆள் ஒரு வீட்டுக்கு விருந்துக்குப் போகிறான். வீட்டுக்காரர்கள் தங்கமானவர்கள். மேசைக்கு ஒரு கால் குறைகிறது, உங்கள் காலைத் தர முடியுமா என்று பணிவாகக் கேட்கிறார்கள்.

விருந்தாளி தருகிறான்.

ரம்பம் அறுக்கும் சத்தத்துக்கு நடுவே சூப் பரிமாறுகிறார்கள்.

பிறகு, கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்று ஒரு கை. குழந்தை விளையாட இரண்டு காதுகள். ஒவ்வொரு முறையும் விருந்தாளி ஒரே சொல்லைச் சொல்கிறான்.

அந்த ஒரு சொல்லுக்கு இவன் மண்டையை உடைத்துக்கொண்டது கொஞ்சநஞ்சமல்ல. 'சரி' சப்பென்று இருந்தது. 'ஆட்சேபணை இல்லை' கோர்ட்டு வாசனை அடித்தது. ஒருநாள் சமையலறையிலிருந்து அதுவே வந்து விழுந்தது.

'அதுக்கென்னுங்க.'

மனைவியின் சொல். அண்ணன் குடும்பம் லீவுக்கு வந்து தங்கப்போகிறது என்றாலும் அதுக்கென்னுங்க. அவள் தங்கச்சி வளைகாப்புக்குப் போக முடியாது என்றாலும் அதுக்கென்னுங்க. கல்யாணமான நாளாக வீடு அந்தச் சொல்லில்தான் ஓடிக்கொண்டிருந்தது. இன்று காலைகூட ஒன்று சொன்னான். அவளுக்கு பேங்கில் மேனேஜர் பதவியோடு திருநெல்வேலிக்கு மாற்றல் வந்திருந்தது. வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிடு என்றான். அதற்கும் அதேதான். உடனே அண்ணனுக்குப் போன் போட்டு, அவ ஒத்துக்கிட்டா என்று சொல்லியும் விட்டான்.

இப்போது அந்தச் சொல்லைப் பார்த்து அரங்கமே வயிற்றைப் பிடித்துக்கொண்டது.

அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். சிரிக்கவில்லை.

அவனுக்கு ஒரு மாதிரியாக இருந்தது. கோபித்துக்கொண்டாளோ? கேட்காமல் எடுத்தது தப்போ? போகிற வழியில் ஒரு நெய் ரோஸ்ட் வாங்கிக் கொடுத்தால் சரியாகிவிடும் என்று நினைத்தான்.

கடைசிக் காட்சி.

வீட்டுக்காரி புன்னகையோடு விருந்தாளியின் நெஞ்சைத் தொட்டுக் காட்டுகிறாள். சுவர்க் கடிகாரம் நின்றுவிட்டதாம்.

விருந்தாளியின் முகம் திரை முழுக்க. நெடுநேரம்.

அடியில் எழுத்து வந்தது: அதுக்கென்னுங்க.

கைதட்டல் காதைப் பிளந்தது. விளக்குகள் எரிந்தன.

திரைப்படக் கழகத் தலைவர் திருமலைசாமி மைக்கைப் பிடித்தார். "நம்ம ஒவ்வொருத்தருக்குள்ளயும் இருக்கற அந்த வீட்டுக்காரங்களத்தானுங்க இந்தப் படம் காட்டுது." தலைகள் ஆடின. குரூரம், அபத்தம், மனசின் இருட்டு என்று அவர் அடுக்கிக்கொண்டே போனார்.

அவள் அவன் பக்கம் சாய்ந்தாள்.

"கடைசில அந்தாளு வாயே தொறக்கலீங்களே."

அவனுக்குச் சுருக்கென்றது. உண்மைதான். மூலத்தில் அந்த இடத்தில் வசனமே கிடையாது. எழுதியவர்கள் விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது என்று இவனாகப் போட்டு நிரப்பியது. இத்தனை தடவை சொன்னவன் இதற்கு மட்டும் சொல்லாமலா இருப்பான்?

"நாந்தான் போட்டேன்" என்றான்.

அவள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

"காலைல நானுந்தான் தொறக்கலீங்க."

திருமலைசாமி இவன் பெயரைச் சொல்லி மேடைக்குக் கூப்பிட்டார். பொன்னாடை தயாராக இருந்தது. திரும்பவும் கைதட்டினார்கள். அவனால் நகர முடியவில்லை. பயமாக இருந்தது. காலையை மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்தான். குக்கர் விசில் இருந்தது. அவளுடைய முதுகு இருந்தது. சொல்லை மட்டும் காணோம்.

அவள் அவனுக்காக நிற்காமல் மாடிப்படி இறங்கிக்கொண்டிருந்தாள்.