சிரிச்ச மூஞ்சி

"இதை வெச்சு என்னத்தை அளக்கப் போறீங்க? டேப்பா, தராசா?"

ஸ்வர்ணலதா கேட்ட தோரணையில், தாளைப் பிரித்துக்கொண்டிருந்த பரிமளாவின் கை ஒரு நொடி நின்றது.

பெரிய ஆஸ்பத்திரியின் ஆய்வுக்காகப் போளூரிலிருந்து பஸ் ஏறி முள்ளிப்பட்டுக்கு வந்திருந்தாள் பரிமளா. சர்க்கரை நோய் உள்ள குழந்தைகள் அன்றாடம் எப்படி இருக்கிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்டு எழுதும் வேலை. ஸ்வர்ணலதாவின் மகள் லாவண்யாவுக்கு ஏழு வயது. ஒன்றரை வருடமாக, தினம் நாலு ஊசி.

"வாழ்க்கைத் தரம்னு சொல்வாங்க மேடம். ஹெல்த் ரிலாட்டட் குவாலிட்டி..."

"ரிலேட்டட். நான் கான்வென்ட்ல படிச்சவ. தப்பா சொன்னா காது வலிக்குது."

உள்ளே தறியில் உட்கார்ந்திருந்த அவள் கணவன் வேணுகோபால் அங்கிருந்தே குரல் கொடுத்தான். "இன்னாத்துக்கு அந்தப் பொண்ணாண்ட எகிறிகினு கீற? வெயில்ல வந்துகீது. மொதல்ல தண்ணி குடு."

"நீங்க நெய்யற வேலையைப் பாருங்க."

தண்ணீர் வரவில்லை.

ஆனால் அந்தத் தாளால் ஸ்வர்ணலதாவுக்கு ஆக வேண்டிய காரியம் ஒன்று இருந்தது. இரண்டு மாதம் முன்பு, பள்ளிக்கூடத்தில் சர்க்கரை இறங்கி லாவண்யா மயங்கி விழுந்தாள். அன்றோடு அவளை அனுப்புவதை நிறுத்தியாயிற்று. 'இந்த வருஷம் பிள்ளை வீட்டிலேயே இருக்கட்டும்' என்று, தாளில் மார்க் குறைவாக இருப்பதைப் பார்த்து டாக்டர் ஒரு வரி எழுதிக் கொடுத்துவிட்டால், தலைமையாசிரியை போன் மேல் போன் போட்டு நச்சரிப்பது நின்றுவிடும்.

"அம்மாவுக்கு ஒரு தாள், குழந்தைக்கு ஒரு தாள். முதல்ல உங்களோடது மேடம். பாப்பாவால ஓட முடியுதா?"

"முடியாது."

"முடியாதா, நீங்க விடறதில்லையா?"

"ரெண்டும் ஒண்ணுதானே? எழுதுங்க."

"மத்தப் பசங்களோட விளையாடறது?"

"கிடையாது."

"தூக்கம்?"

"ரெண்டு மணிக்கு எழுப்பி விரல்ல குத்திப் பார்க்கறேன். அப்புறம் எங்க தூங்கறது?"

"பயம்?"

"எப்பவும். இருபத்து நாலு மணி நேரமும்."

பரிமளா நிமிர்ந்து பார்த்தாள். "பாப்பாவுக்குத்தானே மேடம்?"

"வேற யாருக்கு?"

கடைசிக் கேள்வி வரை அப்படியே போயிற்று. பரிமளா விரல் விட்டுக் கூட்டினாள். "நூத்துக்கு இருபது வருது."

"அவ்வளவு கம்மியா?" என்றாள் ஸ்வர்ணலதா. பரீட்சையில் முதல் மார்க் வாங்கியவள் குரல் அது.

அடுத்த தாளில் எழுத்தே இல்லை. சிரித்த முகம், உம்மென்ற முகம், அழுத முகம் என்று மூன்று வட்டங்கள்.

"கஷ்டமே இல்லைன்னா சிரிச்ச மூஞ்சி, ரொம்பக் கஷ்டம்னா அழுத மூஞ்சி. சின்னப் பிள்ளைங்க தொட்டுக் காட்டினாப் போதும்."

"பாப்பா மலர் புத்தகமா இது? ஏழு வயசுக்கு என்ன தெரியும்? கொடுங்க, அஞ்சு நிமிஷத்துல நானே போட்டுத் தர்றேன்."

"குழந்தை காட்டறதைத்தான் நான் எழுதணும் மேடம்."

"இதுக்கு ஒரு ஆளு, ஒரு சம்பளம்!"

கூப்பிட்டதும் லாவண்யா வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். தலையைப் படிய வாரி, சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"ஓடினா கஷ்டமா இருக்குமா பாப்பா?"

சிரித்த முகம்.

"ஊசி வலிக்குமா?"

சிரித்த முகம்.

"பொய்!" என்றாள் ஸ்வர்ணலதா. "நேத்து தெருவே கேக்கற மாதிரி கத்தினியேடி!"

லாவண்யா அம்மா பக்கம் திரும்பவில்லை.

"மயக்கம் வருமா?"

சிரித்த முகம்.

"அழுகை வருமா?"

சிரித்த முகம். கேள்வி முடியும் முன்பே விரல் அங்கே போய் நின்றது.

ஸ்வர்ணலதா எழுந்தே விட்டாள். "பாத்தீங்களா உங்க அளவு லட்சணத்தை? பெத்தவ சொன்னா இருபது, பிள்ளை சொன்னா நூறு! இதுக்கு டாக்டருங்க, கம்ப்யூட்டரு, ஆராய்ச்சி வேற!"

"நூத்துக்கு நூறு எடுத்துகீது எம் பொண்ணு. அத்தப் போயி திட்டிகினு" என்று உள்ளே சிரித்தான் வேணுகோபால்.

"அந்தத் தாளைக் கிழிச்சுப் போடுங்க. என்னோடதை மட்டும் டாக்டர்கிட்ட கொடுங்க."

பரிமளா கிழிக்கவில்லை. லாவண்யாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"பாப்பா, ஊசி கொஞ்சங்கூட வலிக்காதா? ஆன்ட்டிகிட்ட மட்டும் சொல்லு."

லாவண்யா அவள் காதருகே போய்க் கிசுகிசுத்தாள். "வலிக்கும்."

தறிச் சத்தம் நின்றிருந்தது. வீடு முழுக்கக் கேட்டது.

"பின்னே ஏன் சிரிச்ச மூஞ்சியத் தொட்டே?"

"முதலாளி வந்து அப்பா நெய்ஞ்ச புடவைய விரிச்சு விரிச்சுப் பாப்பாரில்ல? அந்த மாதிரிதான நீங்களும்?"

"பாத்து?"

"டேமேஜ் இருந்தா வேணாம்னுட்டுப் போயிடுவாரு. அது எங்க வீட்லயே பொட்டியில கெடக்கும். டேமேஜ் இல்லாததுதான் வெளிய போவும்."



லாவண்யா சிரித்த முகத்தின் மேல் மறுபடி விரலை வைத்து அழுத்தினாள்.

"எனக்கு ஒரு டேமேஜும் இல்லன்னு எழுதுங்க ஆன்ட்டி. அப்பதான் அம்மா என்னை ஸ்கூலுக்கு அனுப்பும்."